வசந்தாமணி பாட்டுக் கேட்ட எட்டு மாதங்கள்

குமாரபாளையத்தில் காவிரிக்கு இறங்கும் சரிவில் இருக்கிற பாவடித் தெருவில், மின்சாரம் இருக்கிற நேரமெல்லாம் நாற்பது வருடமாக விடாமல் கேட்டுக்கொண்டிருந்த விசைத்தறிச் சத்தம், ஓர் ஆவணி மாதத்து வியாழக்கிழமை காலை பத்தே முக்காலுக்கு, தறிகள் ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றுபோனது. நாலு நிமிடம் ஐம்பது வினாடி கழித்துத் திரும்பி வந்தது. அதற்குக் காரணமான ஹெட்போனை விற்றவன் ஞானவேல். விற்றபோது அவன் மனதில் இருந்தது பொறாமை.

ஞானவேலுக்கு அப்போது நாற்பத்தொரு வயது. தெரு முக்கில் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தான். கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படித்த காலத்தில் விடுதியில் ஒட்டிக்கொண்ட ராக் பாட்டு, படிப்பு பாதியில் போன பிறகும் அவனை விட்டுப் போகவில்லை. எந்தப் பாட்டு எந்த வருடம் பதிவானது, எந்த டிரம்மர் யாரோடு சண்டை போட்டுக்கொண்டு குழுவை விட்டு விலகினார், எந்தக் கிட்டார் எந்த மரத்தில் செய்தது என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். தெரியும் என்பதைவிட, அந்த ஊரில் தனக்கு மட்டும்தான் தெரியும் என்பது அவனுக்கு முக்கியமாக இருந்தது. விலை உயர்ந்த வெளிநாட்டு ஹெட்போன் ஒன்றைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தான். தினமும் பதினோரு மணிக்குக் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, அதை மாட்டிக்கொண்டு, ஒரு மணி நேரம் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பான். அவன் மனைவி சுமித்ரா அதைச் சாமி கும்பிடுகிற நேரம் என்பாள். அந்த ஹெட்போனை யாரையும் தொடவிட்டதில்லை. யாரும் தொடவேண்டும் என்று கேட்டதுமில்லை.

வசந்தாமணி அதே தெருவில் குழந்தைவேலுவின் பட்டறையில் நாலு தறி ஓட்டினாள். லுங்கித் தறி. அவள் புருஷன் ஆழ்துளைக் கிணறு போடும் லாரியோடு வடக்கே போனவன், வருடத்துக்கு இரண்டு தடவை வீட்டுக்கு வருவான். அவனோடு பேசுவதற்கென்று ஞானவேல் கடையில் பழைய போன் ஒன்று வாங்கினாள். அந்தப் போனுக்குள் ஞானவேலின் மெமரி கார்டு ஒன்று தவறுதலாகத் தங்கிவிட்டது. அதில் இருநூற்றுப் பன்னிரண்டு பாட்டுகள் இருந்தன. சினிமாப் பாட்டு, சாமிப் பாட்டு எதை வைத்தாலும் தறிச் சத்தம் அதை மென்று துப்பிவிட, இந்தப் பாட்டுகள் மட்டும் தறியோடு மல்லுக்கு நின்று மேலே எழுந்து வந்ததால், வசந்தாமணி அவற்றையே கேட்க ஆரம்பித்து, ஒன்றரை வருடம் காதில் செருகும் இயர்போனிலேயே கேட்டு, ஒரு வார்த்தை இங்கிலீஷ் தெரியாமல் எல்லாப் பாட்டையும் தெரிந்துவைத்திருந்தாள். ஒவ்வொன்றுக்கும் அவளே பெயர் வைத்திருந்தாள். கெணத்துக்குள்ள நின்னு கூப்புடுற பாட்டு. லாரி கியர் மாத்துற பாட்டு. மூணு தடவ பொய் சொல்லி நாலாந்தடவ நெசஞ்சொல்ற பாட்டு.

இதெல்லாம் ஞானவேலுக்கு, அவள் ஹெட்போன் வாங்க வந்த புதன்கிழமைதான் தெரியவந்தது. இயர்போன் காதில் நிற்பதில்லை, வேர்த்தால் வழுக்கி விழுகிறது, ஆயிரத்து ஐந்நூறுக்குள் காதை மூடுகிற மாதிரி ஒன்று வேண்டும் என்று கேட்டாள். என்ன பாட்டு கேட்பாய் என்று அவன் கேட்டதற்குப் போனை எடுத்துப் பாட்டை வைத்துக் காட்டினாள். தன் பாட்டு இன்னொருத்தர் கையிலிருந்து ஒலிப்பதை ஞானவேல் முதன்முறையாகக் கேட்டான். பக்கத்து வீட்டுக் கொடியில் தன் சட்டை காய்வதைப் பார்த்தது போல இருந்தது அவனுக்கு.

இருந்தாலும் அவன் நல்லபடியாகவே பேச ஆரம்பித்தான். ராக் பாட்டுக்கு உயிர் நடுச் சத்தத்தில் இருக்கிறது, கிட்டாரும் பாடுகிறவன் குரலும் அங்கேதான் நிற்கும், கடையில் விற்கிற பாதி ஹெட்போன்களில் பேஸ் என்கிற அடிச் சத்தத்தை ஊதிப் பெரிதாக்கி வைத்திருப்பார்கள், அது குத்துப் பாட்டுக்கு ஆகும், இதுக்கு ஆகாது, கிட்டார் சேற்றில் புதைந்த மாதிரி போய்விடும் என்றான். அந்த விலைக்குள் வயர் இல்லாததை வாங்கினால் காசு பேட்டரிக்குப் போய்விடும், பாட்டுக்குப் போகாது, ஆகவே வயர் வைத்தது நல்லது என்றான். வெளிச் சத்தத்தைத் தானே அடக்குகிற ஹெட்போன்கள் இருக்கின்றன, ஆனால் அதெல்லாம் உன் பட்ஜெட்டில் வராது, மெத்தை நன்றாகக் காதோடு ஒட்டினாலே தறிச் சத்தம் பாதி குறையும் என்றான். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். அலமாரியில் சாம்பல் நிறத்தில் ஒன்று இருந்தது. அந்த விலைக்கு அதைவிட நல்லது கிடையாது என்று அவனே நெட்டில் எழுதியிருக்கிறான். அதை எடுக்கக் கை நீட்டிவிட்டான்.

அப்போதுதான் அவள் சொன்னாள்.

"அந்தக் கெணத்துப் பாட்டுல, பாடறவன் ரெண்டாவது தடவ மேல ஏறுறப்ப, பின்னால வாசிக்கிற கிட்டாருக்காரன் ஒரு எடத்துல தப்பா வாசிச்சுப்போட்டுச் சிரிப்பானுங்கண்ணா. ரொம்ப மெல்லமா. அந்தச் சிரிப்பு நல்லாக் கேக்கோணும். அதுக்குத்தான் கேக்கறேன்."

ஞானவேல் அந்தப் பாட்டைப் பதினெட்டு வருடமாகக் கேட்கிறான். ஒரு சிரிப்பையும் அவன் கேட்டதில்லை. ஆமாமா, எனக்குத் தெரியுமே என்றான். நீட்டின கை கொஞ்சம் நகர்ந்தது. சாம்பல் நிறப் பெட்டிக்குப் பக்கத்தில், பேஸ் ஊதிப்போய், யாரும் வாங்காமல் ஒரு வருடமாகக் கிடந்த சிவப்பு ஹெட்போன்களில் ஒன்றை எடுத்து, இதுதான் உனக்குச் சரி என்று கொடுத்தான். அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போனாள். அவள் போன பிறகு கெணத்துப் பாட்டைத் தன் வெளிநாட்டு ஹெட்போனில் போட்டுக் கேட்டான். சிரிப்பு இருந்தது.

மறுநாள் காலையில்தான் அது நடந்தது. வசந்தாமணி சிவப்பு ஹெட்போனை மாட்டிக்கொண்டு கெணத்துப் பாட்டை வைத்ததும், பட்டறையின் பன்னிரண்டு தறிகளும், ஊடைநூலைச் சுமந்து ஓடுகிற நாடா பறக்கப் பறக்க, ஊமையாயின. குழந்தைவேலு கரண்டு போய்விட்டது என்று எழுந்தவர், பெல்ட் சுற்றுவதையும் லுங்கி வளர்வதையும் பார்த்து மறுபடி உட்கார்ந்தார். பக்கத்துப் பட்டறையும், எதிர்ப் பட்டறையும், தேங்காய் எண்ணெய் ஆட்டுகிற மிஷினும், தெருக்குழாயில் குடம் வைத்துச் சண்டை போட்ட இரண்டு பெண்களும், அந்தப் பெண்களில் ஒருத்தியின் இடுப்பில் அழுத பிள்ளையும், எல்லாம் வாய் அசைய, கை அசைய, சக்கரம் அசையச் சத்தமில்லாமல் நடந்தன. பாட்டு முடிந்ததும் எல்லாச் சத்தமும் பரணிலிருந்து அண்டா விழுந்த மாதிரி ஒரே நேரத்தில் திரும்பி விழுந்தது. வசந்தாமணி அடுத்த பாட்டை வைத்தாள். மறுபடி நின்றது.

மூன்று நாளில் தெரு விஷயத்தைப் புரிந்துகொண்டது. வசந்தாமணி அந்த ஹெட்போனில் அந்தப் பாட்டுகளைக் கேட்டால் சத்தம் அடங்கும். சினிமாப் பாட்டுக்கு அடங்காது. வேறு யார் மாட்டினாலும் அடங்காது. வால்யூமைப் பாதியில் வைத்தால் அமைதி தெரு முக்கு வரைக்கும் போகும். முழுசாக வைத்தால் படித்துறை வரைக்கும் இறங்கி, துவைக்கிற கல்லில் துணி விழுவதுகூடக் கேட்காமல் போகும். முதலில் குழந்தைவேலு கொஞ்சம் முனகினார். நூல் அறுந்தால் தறியின் சத்தம் மாறும், அதைக் கேட்டுத்தான் ஓட்டுகிறவர்கள் ஓடிப்போய் நிறுத்துவார்கள், சத்தம் இல்லாவிட்டால் துணி பாழாகும் என்றார். இரண்டு வாரத்தில் ஓட்டுகிறவர்கள் தறிச் சட்டத்தின் மேல் உள்ளங்கையை வைத்து, அதிர்வு மாறுவதைக் கையாலேயே தெரிந்துகொள்ளப் பழகிவிட்டார்கள். அதற்குப் பிறகு அவரும் முனகவில்லை.

பட்டறைக் கதவில் சாக்பீஸால் நேரம் எழுதிப் போட்டார்கள். காலை எட்டிலிருந்து ஒன்பது வரை, இரவு ஷிப்டு முடித்துத் தூங்கப்போகிறவர்களுக்கு. பத்தே முக்காலிலிருந்து பன்னிரண்டு வரை, கைக்குழந்தைக்காரிகளுக்கு. நாலிலிருந்து ஐந்தரை வரை, பன்னிரண்டாவது படிக்கிற பிள்ளைகளுக்கு. அதுவரை உரக்கக் கத்தியே பேசிப் பழகியிருந்த புருஷன் பெண்டாட்டிகள், நாள்தோறும் சில மணி நேரம் சும்மா இருக்கவேண்டி வந்ததில் பேச்சின் அளவு குறைந்து, சத்தம் திரும்பின பிறகும் மெல்லவே பேசிக்கொண்டார்கள். அதில் இரண்டு வீட்டில் பழைய பகை தீர்ந்தது, ஒரு வீட்டில் இத்தனை நாள் சத்தத்தில் மறைந்திருந்த பகை வெளியே வந்தது. வீட்டு வாடகை ஏறியது. பவானியிலிருந்து ஒரு தரகர், அமைதி நேரத்தையும் சேர்த்துச் சொல்லி வீடு காட்டினார். பெருமாள் கோயில் பூசாரி, சாமிக்கும் கொஞ்சம் ஓய்வு வேண்டும் என்று மதியம் நடை சாத்தின பிறகு ஒரு பாட்டு கேட்டு வாங்கிக்கொண்டார்.

கார்த்திகையில் கடைசி வீட்டுப் பெரியவர் மாரப்பன் இறந்துபோனார். அறுபது வருடம் தறி ஓட்டினவர். அவர் மகன் வந்து, பறை வேண்டாம், சங்கு வேண்டாம், எங்கப்பனை எடுக்கும்போது ஒரு பாட்டு வைத்துக் கேளுங்கள் என்று வசந்தாமணியிடம் கேட்டுக்கொண்டான். அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பாடைக்குப் பின்னால் நடந்தாள். இருநூறு பேர் வாய் விட்டு அழுதார்கள், ஒரு சொட்டுச் சத்தம் இல்லை. பூ தரையில் விழுந்தது, சத்தம் இல்லை. ஆற்றுக்குப் போகிற வரைக்கும் இருபத்து மூன்று நிமிடம், அவளுக்குத் தெரிந்ததிலேயே நீளமான பாட்டை அவள் கேட்டுக்கொண்டே போனாள். அந்த மாதிரிச் சாவு யாருக்கும் வாய்க்காது என்று ஒரு மாதம் பேசினார்கள்.

அந்தக் கூட்டத்தில் ஞானவேலும் நின்றான். அவனுக்கு அழுகை வரவில்லை. அந்த நீளமான பாட்டின் ஏழாவது நிமிடத்தில் டிரம்ஸ் மட்டும் தனியாக வருகிற இடம் இப்போது வந்திருக்கும் என்று மனதில் கணக்குப் பார்த்துக்கொண்டு நடந்தான்.

அவனுக்கு நேர்ந்தது வேறு மாதிரி. சத்தம் அடங்குகிறபோது அவனுடைய வெளிநாட்டு ஹெட்போனும் அடங்கிவிடும். போனில் பாட்டு ஓடும், காதை மூடின மெத்தை லேசாகத் துடிக்கும், ஆனால் கேட்காது. பதினெட்டு வருடமாக அவன் சாமி கும்பிட்ட பதினோரு மணி, கதவில் எழுதிப் போட்ட நேரப்படி அவளுடையதாகிவிட்டது. கண்ணை மூடி உட்கார்ந்தால் இருட்டும் ஊமையுமாக இருந்தது. நேரத்தை மாற்றிப் பார்த்தான். மாற்றின நேரத்தில் வாடிக்கையாளர்கள் வந்தார்கள். தான் கண்டெடுத்து, தான் சேர்த்து, தான் தூசி தட்டி வைத்திருந்த பாட்டுகளை, அவற்றின் பெயர்கூடத் தெரியாத ஒருத்தி கேட்க, தான் கேட்கமுடியாமல் உட்கார்ந்திருப்பதை நினைக்க நினைக்க அவனால் பொறுக்கமுடியவில்லை. கடைக்கு வருகிறவர்களிடம், அது ஒன்றும் அதிசயமில்லை, அலைக்கு எதிர் அலை போனால் சத்தம் அடங்கும், அறிவியல்தான் என்று விளக்கினான். அவர்கள் தலையை ஆட்டிவிட்டு, போனுக்குக் கண்ணாடி ஒட்டச் சொல்லிக் கொடுத்தார்கள்.

அதைவிடக் கஷ்டம், ஊர் அவனைப் பாராட்டியது. ஞானவேல் பார்த்து எடுத்துக் கொடுத்த ஹெட்போன் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஆயிரம் ஹெட்போனுக்கு நடுவில் அதை எடுத்துக் கொடுக்க ஒரு ஞானம் வேண்டும் என்றார் பூசாரி. அலமாரியில் மிச்சமிருந்த பத்துச் சிவப்பு ஹெட்போன்களும் விற்றுத் தீர்ந்தன. வாங்கினவர்கள் யாருக்கும் சத்தம் அடங்கவில்லை. அவர்கள் அதற்காகக் கோபித்துக்கொள்ளவும் இல்லை. அது அந்தப் பிள்ளையோட காது, நம்ம காது அப்படி இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

சுமித்ராவுக்கு ஒற்றைத் தலைவலி உண்டு. மாசி மாதத்தில் ஒருநாள் தலைவலி தாங்காமல் பட்டறைக்குப் போய், எனக்காக இரண்டு பாட்டு கேளு கண்ணு என்று வசந்தாமணியிடம் கேட்டுவிட்டு, அங்கேயே நூல் மூட்டை மேல் சாய்ந்து தூங்கி, மதியம் தெளிந்த முகத்தோடு வீட்டுக்கு வந்தாள். பதினைந்து வருடத்தில் அந்த முகத்தை ஞானவேல் பார்த்ததில்லை. சாப்பாடு போடும்போது அவள் வசந்தாமணியைப் பற்றியே பேசினாள். அவன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

"உங்களுக்கு என்னங்க ஆச்சு? உங்க பாட்டுத்தானே அது, உங்களுக்குப் பெருமைதானே" என்றாள் சுமித்ரா.

அவன் கையைக் கழுவிக்கொண்டு கடைக்குப் போய்விட்டான்.

அந்த மாதத்தில் வசந்தாமணி ஒருநாள் சார்ஜர் வாங்கக் கடைக்கு வந்தவள், வாங்கின பிறகும் போகாமல் நின்றாள். தறி ஓட்டுகிறவர்களுக்கு எத்தனை வயதில் காது மந்தமாகும் என்று கேட்டாள். அவள் அம்மாவுக்கு நாற்பதிலேயே கேட்காமல் போய்விட்டதாம். தனக்கு முப்பத்து நாலுதான் ஆகிறதாம். ஞானவேல் சால்டரிங் கம்பியிலிருந்து தலையைத் தூக்காமல், அதெல்லாம் ஆளாளுக்கு மாறும் என்றான். அவள் சரிங்கண்ணா என்று போய்விட்டாள். ஈரோட்டில் காது பரிசோதனைக்கு அவள் ஒருநாள் லீவு போட்டுப் போய்வந்ததும், காது நன்றாக இருப்பதாக டாக்டர் சொல்லி அனுப்பியதை அவள் நம்பாமல் திரும்பியதும் பிறகுதான் தெரிந்தது.

பங்குனியில் சிவப்பு ஹெட்போனின் இடது பக்கம் விட்டு விட்டுக் கேட்க ஆரம்பித்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, சாயங்காலம் பிள்ளைகளுக்குப் படிக்கிற நேரம் வந்துவிடும், அதற்குள் கொடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். இந்த நாளுக்காகத்தான் ஞானவேல் காத்திருந்தான். வயர் முனையில் ஒரு சின்ன உடைப்பு; ஐந்து நிமிட வேலை. அவன் அதைச் செய்யாமல், மெத்தையைக் கழற்றி, உள்ளே மயிரிழை போல ஓடுகிற செப்புக் கம்பியைக் கட்டரின் வாய்க்குள் வைத்தான். கொஞ்சம் அழுத்தினால் போதும். பிறகு யாராலும் சரிசெய்ய முடியாது, அவனாலும் முடியாது.

அழுத்துவதற்கு முன்னால் ஒரு தடவை கேட்டுப்பார்க்கத் தோன்றியது. எட்டு மாதமாக ஊரையே ஆட்டி வைக்கிற பொருளை அவன் ஒரு தடவையும் மாட்டிப் பார்த்ததில்லை. வயரை ஒட்டி, மெத்தையைப் பூட்டி, தலையில் மாட்டிக்கொண்டு கெணத்துப் பாட்டை வைத்தான். தெருச் சத்தம் அடங்கவில்லை. பேஸ் வந்து காதை அடைத்தது. பாடுகிறவன் சாக்குக்குள்ளிருந்து பாடினான். இரண்டாவது தடவை மேலே ஏறுகிற இடம் வந்தது. முன்னால் நிற்கவேண்டிய கிட்டார் எங்கேயோ பின்னால், சேற்றுக்குள், கால் தெரியாமல் நின்றது. சிரிப்பு இல்லை. திரும்ப வைத்தான். இல்லை. அது எந்த வினாடியில் வரும் என்று தெரிந்தே, மூச்சைப் பிடித்துக்கொண்டு நாலாவது தடவை கேட்டான். இல்லை. அப்படி உன்னிக் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான், இந்தக் குப்பையை எட்டு மாதம் காதில் வைத்துக்கொண்டு அவள் எதைத் தேடியிருப்பாள் என்பதும், காது மந்தமாவதைப் பற்றி அவள் ஏன் கேட்டாள் என்பதும் அவனுக்கு விளங்கின. கட்டரைக் கீழே வைத்தான்.

சிவப்பு ஹெட்போனை மேசை டிராயரில் வைத்துப் பூட்டினான். அலமாரியிலிருந்து சாம்பல் நிறப் பெட்டியை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போய், பழையதைச் சரிசெய்யமுடியாது, இதை வைத்துக்கொள், காசு வேண்டாம் என்றான். அவளுக்கு நல்லது செய்யத்தான் கொண்டுபோனானா, இல்லை இதை மாட்டினால் அவள் தேடுவதும் அதோடு அதிசயமும் நின்றுவிடும் என்று உள்ளுக்குள் தெரிந்து கொண்டுபோனானா என்று பிற்பாடு அவன் பல தடவை யோசித்துப்பார்த்திருக்கிறான். இரண்டும்தான் என்றே தோன்றியது.

வசந்தாமணி மாட்டிக்கொண்டாள். பாட்டை வைத்தாள். தறிகள் டகடகவென்று ஓடிக்கொண்டே இருந்தன. தெருவில் யாரோ யாரையோ கூப்பிட்டார்கள். அவள் கண் அகலமானது. பாட்டு இரண்டாவது தடவை மேலே ஏறுகிற நேரத்தில் அவள் வாய் விட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பக்கத்துத் தறிக்காரி என்ன என்று கேட்டதற்கு, ஒன்றுமில்லை, எனக்குக் காது கேக்குது என்றாள்.

தெருவுக்கு அன்று சாயங்காலம் அமைதி வரவில்லை. மறுநாளும் வரவில்லை. பிள்ளைகள் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்தார்கள், கைக்குழந்தைகள் அழுதன, இரவு ஷிப்டுக்காரர்கள் கண் சிவந்து வந்து பட்டறை வாசலில் நின்றார்கள். நாலாவது நாள் தெருவே திரண்டு வந்தது. குழந்தைவேலு தறிகளை நிறுத்தச் சொல்லிவிட்டு எல்லோருக்காகவும் பேசினார். ஞானவேலையும் ஆள் அனுப்பிக் கூட்டிவந்திருந்தார்கள்.

"ஏம்மா, புதுசு உனக்கு நல்லாத்தான் இருக்கும், இல்லேங்கல. ஆனா தெரு கெடக்கறதப் பாரு. பழசச் சரிபண்ணச் சொல்லி அதையே போட்டுக்கயேன். என்ன செலவானாலும் நான் குடுக்கறேன்."

வசந்தாமணி இல்லை என்று சொல்லத் தெரியாதவள். சரிங்க மொதலாளி என்று தலையாட்டிவிட்டு, சாம்பல் நிற ஹெட்போனைக் கழுத்திலிருந்து கழற்றினாள். அதைக் கழற்றுவதற்கு அவளுக்கு எவ்வளவு நேரம் ஆனது என்பதை ஞானவேல் பார்த்தான்.

"ரிப்பேரெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்றான். "அது நல்லாத்தான் இருக்குது. எங்கிட்டத்தான் இருக்குது."

சிவப்பு ஹெட்போனைக் கையில்தான் கொண்டுவந்திருந்தான். எல்லோரும் அவனைப் பார்த்தார்கள்.

"மொதல்லயே நல்லதத்தான் எடுத்தேன். அப்பறம் மாத்திக் குடுத்தேன். அந்த வெலையில இருக்கறதுலயே மோசமானது இந்தச் சிவப்பு. தெரிஞ்சேதான் குடுத்தேன்."

ஏன் என்று கேட்டார் குழந்தைவேலு.

"பொறாமைங்க" என்றான். "பதினெட்டு வருசமா எனக்குக் கேக்காதது அந்தப் பிள்ளைக்குக் கேட்டுது. போன வாரம் இதோட கம்பிய அறுக்கவும் பாத்தேன்."

வசந்தாமணி அவனிடமிருந்து சிவப்பு ஹெட்போனை வாங்கினாள். மாட்டிக்கொண்டு பாட்டை வைத்தாள். தெரு அடங்கியது. நாலு நாளாகக் கசங்கியிருந்த முகங்கள் எல்லாம் தண்ணீர் தெளித்த மாதிரி தெளிந்தன. பின்வரிசையில் இருந்த ஒரு குழந்தை அம்மாவின் தோளில் தலையைச் சாய்த்தது. அவள் பாட்டு முடிவதற்கு முன்பே ஹெட்போனைக் கழற்றினாள். சத்தம் வந்தது.

"இதுல அவன் சிரிக்கறது கேக்கறதில்லீங்க" என்று குழந்தைவேலுவைப் பார்த்துச் சொன்னாள். "எட்டு மாசமாத் தேடுனேன். எங்கம்மா மாதிரி எனக்கும் காது போகுதுன்னு நெனச்சு, வீட்டுல ஒருத்தர்கிட்டயும் சொல்லாம அழுதிருக்கறேன். பன்னெண்டாவது பரிச்சைக்கும் எழவு வீட்டுக்கும் சொல்லி விடுங்க, இதப் போட்டுக்கறேன். மத்த நாள் நான் பாட்டுக் கேக்கோணும்."

சாம்பல் நிறத்தை மறுபடி கழுத்தில் மாட்டிக்கொண்டு தறியைத் தட்டிவிட்டாள். ஞானவேலை அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

தெரு அவனை வினோதமாகத் தண்டித்தது. மோசமான ஹெட்போனைக் கொடுத்ததை ஒரே நாளில் மன்னித்துவிட்டார்கள். அதனால்தானே அமைதி வந்தது. நல்ல ஹெட்போனைக் கொடுத்ததை மட்டும் அவர்களால் மன்னிக்கமுடியவில்லை. கண்ணாடி ஒட்டப் பள்ளிபாளையம் வரைக்கும் போனார்கள். பூசாரி அவனைக் கண்டால் பேச்சை நிறுத்திக்கொள்வார். வாடகை இறங்கியதற்கும், குழந்தைகள் அழுததற்கும், ஒரு வீட்டில் பழைய பகை திரும்பியதற்கும் அவன்தான் காரணம் என்றானது. சுமித்ரா மட்டும் அதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், தலைவலி வந்தால் ஈரத்துணி கட்டிக்கொண்டு படுத்தாள். பதினோரு மணி அவனுக்குத் திரும்பக் கிடைத்தது. வெளிநாட்டு ஹெட்போனில் எல்லாம் கணீரென்று கேட்டது. ஆனால் ஒவ்வொரு பாட்டிலும் இன்னும் என்னென்ன இருக்குமோ, அவளுக்கு எது கேட்கிறதோ என்ற நினைப்பு நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டதில், ஒரு பாட்டைக்கூட அவனால் முழுதாகக் கேட்கமுடியவில்லை.

வைகாசியில் ஒருநாள் பதினோரு மணிக்கு ஷட்டரை முழுசாக இறக்கிப் பூட்டிவிட்டு, தன் ஹெட்போனையும், ஒரே போனில் இரண்டு ஹெட்போன் மாட்டுகிற பிளக் ஒன்றையும் எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனான். டீ குடிக்கிற நேரம். வசந்தாமணி நூல் மூட்டை மேல் உட்கார்ந்து பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் எதிரில் நின்று பிளக்கைக் காட்டினான். அவள் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு தன் வயரைப் பிடுங்கி, பிளக்கைப் போனில் செருகி, ஒரு துளையில் தன்னுடையதையும் மாட்டி, இன்னொரு துளையை அவன் பக்கமாகத் திருப்பி நீட்டினாள்.

லாரி கியர் மாத்துற பாட்டு ஓடியது. கொஞ்ச தூரம் போனதும் அவள் விரலைத் தூக்கினாள். ஞானவேலுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவள் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, பாட்டைப் பின்னால் இழுத்து வைத்தாள். மறுபடி விரல் எழுந்தது. இப்போது ஏதோ இருப்பது போல இருந்தது. மூன்றாவது தடவை, விரல் எழுந்த அந்த இடத்தில், பாடுகிறவன் வரியைத் தொடங்குவதற்கு முன்னால் எச்சில் விழுங்குவது அவனுக்குக் கேட்டது. பயந்துபோய் விழுங்குகிற எச்சில். அத்தனை பெரிய பாட்டுக்காரன் பாடுவதற்குப் பயந்திருக்கிறான்.

அவள் அடுத்த இடத்துக்கு விரலைத் தூக்கியிருந்தாள். அங்கே அவனுக்கு ஒன்றும் கேட்கவில்லை. பழைய பொறாமை அப்படியே கிளம்பி வந்தது. அதை அவன் விழுங்கிக்கொண்டான்.

"இன்னொருக்கா வையம்மா" என்றான்.